எஃப்.பி.எஸ். குறைந்தால் அடியும் குறையுமா? தோப்பில் ஏர்சாஃப்ட் களம் போட நினைப்பவருக்குப் பதில்

கேள்வி: ஆனைமலைக்குப் பக்கத்துல எங்களுக்கு ரெண்டு ஏக்கரா தென்னந்தோப்பு இருக்குதுங்க. கோயமுத்தூர்ல ஐ.டி.யில வேலை செய்யற பசங்க சனி ஞாயிறு வந்து ஏர்சாஃப்ட், அதான் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கில அணி பிரிச்சு ஒருத்தர ஒருத்தர் சுட்டு ஆடற ஆட்டம், ஆடற மாதிரி ஒரு களம் போடலாம்னு நானும் எங்க மாப்பிள்ளையும் யோசிச்சிருக்கறோம். மாதிரிக்கு ரெண்டு துப்பாக்கி கையில இருக்குது. ஒன்னு பேட்டரில ஓடறது, இன்னொன்னு கேஸ். கேஸ் துப்பாக்கிய 0.20 கிராம் குண்டு போட்டு அளந்தா 350 எஃப்.பி.எஸ். காட்டுது, 0.32 கிராம் போட்டா 300தான் காட்டுது. அப்போ கனமான குண்டுதான் பாதுகாப்புன்னு எல்லாருக்கும் 0.32 குடுத்துடலாமுங்களா? விக்கறவரு "400 வரைக்கும் ஒன்னும் ஆகாது"ங்கறாரு. வரம்பு எவ்வளவு வெக்கறது, எவ்வளவு தூரத்துல சுடலாம், வேலிக்கு என்ன கட்டறது? அக்கா பையனுக்கு 13 வயசு, அவனும் ஆடணுங்கறான்.

பதில்: வணக்கங்க. 0.32 குடுத்துவிடாதீர்கள். உங்கள் கேஸ் துப்பாக்கி கனமான குண்டில் வேகம் குறைந்து, அடி கூடியிருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்பிய இரண்டு எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

எஃப்.பி.எஸ். என்பது குண்டு ஒரு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்ற கணக்கு மட்டும். பட்டால் எவ்வளவு பலமாக அடி விழும் என்பதற்குக் குண்டின் எடையும் வேண்டும். எடையையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்வது ஜூல். கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும்: கிராம் எடையை எஃப்.பி.எஸ்.-ஆல் இரண்டு முறை பெருக்கி 21,500-ஆல் வகுங்கள். 0.20 × 350 × 350 = 24,500. வகுத்தால் 1.14 ஜூல். 0.32 × 300 × 300 = 28,800. வகுத்தால் 1.34 ஜூல். அதே துப்பாக்கி, அதே கேஸ். குண்டை மாற்றியதும் அடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது.

இதற்கு "ஜூல் கிரீப்" என்று பெயர். நடப்பது இதுதான். கேஸ் துப்பாக்கியில் வால்வு திறந்ததும் குண்டுக்குப் பின்னால் கேஸ் பொங்கி வந்துகொண்டே இருக்கிறது. லேசான குண்டு சட்டென்று குழலை விட்டு ஓடிவிடும். வந்த கேஸில் ஒரு பங்கு அதைத் தள்ளாமலே வெளியே போகும். கனமான குண்டு மெதுவாக நகர்கிறது, குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது, கேஸ் அவ்வளவு நேரமும் அதை முதுகில் தள்ளுகிறது. பேட்டரித் துப்பாக்கியில் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அளவு மாறாமல் இருப்பதால் இந்தச் சங்கதி குறைவு. ஆனால் குட்டைக் குழலுக்குப் பெரிய சிலிண்டர் போட்டிருந்தால் அதிலும் வரும்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஜூல் மாறாமல் இருந்திருந்தால், 0.20-ல் 350 காட்டிய துப்பாக்கி 0.32-ல் 277 காட்டியிருக்க வேண்டும். உங்களுடையது 300 காட்டுகிறது. அந்த 23 எஃப்.பி.எஸ்.தான் கிரீப். இனி யாராவது வந்து "என்னுது வெறும் 300தானுங்க" என்றால், "எந்தக் குண்டுக்கு?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். கடைக்காரர் சொன்ன 400-ம் அப்படித்தான். 0.12 கிராம் பொம்மைக் குண்டுக்கு 400 என்றால் 0.89 ஜூல், 0.20 குண்டுக்கு 400 என்றால் 1.49 ஜூல். அட்டைப் பெட்டியில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, எடையைப் போடாமல் விட்டிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது.

துப்பாக்கி வாயில் அளந்த ஜூல் ஒரு பாதிதான். தூரம் போகப்போக என்ன ஆகிறது என்பது மறுபாதி. 6 மில்லிமீட்டர் குண்டைக் காற்று பலமாகப் பிடித்து இழுக்கும். லேசான குண்டு சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டு குண்டும் ஒரே 1 ஜூலில் கிளம்புவதாக வைத்துக்கொண்டு, வழக்கமான காற்றுத்தடைக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ இப்படி வருகிறது. 0.20 குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 10 மீட்டரில் 0.48 ஜூல், 20 மீட்டரில் 0.23, 30 மீட்டரில் 0.11 என்று இறங்குகிறது. 0.32 குண்டு 79 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. ஆனால் 10 மீட்டரில் 0.63, 20 மீட்டரில் 0.40, 30 மீட்டரில் 0.25 ஜூல் மீதம் வைத்திருக்கிறது. இருபதாவது மீட்டரில் மெதுவாகக் கிளம்பிய குண்டுதான் வேகமான குண்டு. முப்பதில் அதன் அடி இரட்டிப்புக்கு மேல். ஆக, கனமான குண்டு கொடுத்தால் வாயில் ஜூல் கூடுவது ஒரு பக்கம், அது குறையாமல் தூரத்துக்குப் போய்ச் சேர்வது இன்னொரு பக்கம்.

அதற்காகக் கனமான குண்டே ஆகாது என்றும் சொல்ல முடியாது, குறிப்பாக உங்கள் ஊரில். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்கு 0.20 கிராம் எம்மாத்திரம். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் குறுக்குக் காற்று இருந்தால், 30 மீட்டர் போவதற்குள் 0.20 குண்டு 1.2 மீட்டர் ஒதுங்கிவிடும். 0.32 குண்டு 0.8 மீட்டர் ஒதுங்கும். நெஞ்சுக்குக் குறிவைத்தது பக்கத்தில் நிற்பவன் காதில் படுவது இப்படித்தான். நடுவழியாக 0.25 அல்லது 0.28 வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கு ஒரே எடைக் குண்டு, அதையும் நீங்களே கொடுங்கள், வீட்டிலிருந்து யாரும் குண்டு கொண்டுவரக் கூடாது. இந்த ஒரு விதி பாதித் தலைவலியைத் தீர்த்துவிடும்.

இனி வரம்பு. ஜப்பானில் 2006-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று எல்லை வைத்தார்கள், 6 மி.மீ. குண்டுக்கு அது 0.98 ஜூல் ஆகிறது. இத்தாலியில் 1 ஜூல். பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடர்ச்சியாகச் சுடுவதற்கு 1.3, ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். ஜெர்மனியில் 0.5-க்குள் இருந்தால் விளையாட்டுச் சாமான் கணக்கு. அதற்கு மேல் 18 வயது ஆனவர்களுக்குத்தான். தென்கொரியாவில் வெறும் 0.2. ஆளுக்கொரு எண் என்று குழம்ப வேண்டாம். ஜப்பானின் கணக்குமுறைதான் இதில் தெளிவானது, ஏனென்றால் அது அடியைப் பரப்பால் வகுக்கிறது. ஒரே ஜூல் உருண்டையான விரல் நுனியில் இறங்குவதும் ஊசி முனையில் இறங்குவதும் ஒன்றாகாது.

பரப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 4.5 மி.மீ. இரும்புக் குண்டு போடும் கார்பன் டை ஆக்சைடு கைத்துப்பாக்கிகள் பார்வைக்கு ஏர்சாஃப்ட் மாதிரியே இருக்கும். அது வேறு சாதி. அதன் குண்டின் குறுக்குப் பரப்பு உங்கள் குண்டில் பாதிதான். 3 ஜூல் வந்தாலே சதுர சென்டிமீட்டருக்கு 19 ஜூல் ஆகிவிடும், ஜப்பான் வரம்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். வாசலிலேயே பிடிக்க ஒரு எளிய வழி: குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனை அறையில் குண்டில்லை என்று உறுதிசெய்துவிட்டு, 5 மி.மீ. பித்தளைக் கம்பியைத் துப்பாக்கியின் வாயில் செருகிப் பாருங்கள். 6 மி.மீ. குழலில் தாராளமாகப் போகும், 4.5-ல் நுழையவே நுழையாது. நுழையாத துப்பாக்கி வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டும்.

உங்கள் தோப்புக்கு நான் சொல்வது: போடும் குண்டில் அளந்து 1.0 ஜூல், அதுவே எல்லோருக்கும். சாளைக்குள்ளேயோ கொட்டகைக்குள்ளேயோ ஆடினால் 0.8, அங்கே ஒவ்வொரு குண்டாக மட்டும்தான். தூரக் குறிக்குப் பயன்படுத்தும் நீளத் துப்பாக்கிகளைச் சில களங்களில் 2 ஜூலுக்கு மேலும் விடுகிறார்கள், அதற்குக் குறைந்தபட்சம் 25, 30 மீட்டர் இடைவெளி என்று விதியும் போடுகிறார்கள். ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ரெண்டு ஏக்கரா என்பது பக்கத்துக்கு 90 மீட்டர். மரத்துக்கு மரம் 25 அடியில், எந்த மரத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாத இடத்தில் 30 மீட்டரை யார் அளந்து சுடப்போகிறார்கள்? வேண்டாமுங்க. எல்லோருக்கும் பொதுவாக, 5 மீட்டருக்குள் எதிரி சிக்கினால் சுடாமல் "அவுட்" என்று கூப்பிடுவது போதும். 1 ஜூல் குண்டு இரண்டு மூன்று மீட்டரில் வெற்றுத் தோலில் பட்டால் ரத்தம் கட்டும், மெல்லிய தோலாக இருந்தால் கிழியவும் செய்யும்.

அளப்பதில் ஏமாறும் இடங்கள் மூன்று. குண்டின் எடை, அளக்கும் நேரம், அளந்த பிறகு நடக்கும் கைவேலை.

பெட்டியில் 0.20 என்று போட்டிருப்பதை நம்பி கணக்குப் போடாதீர்கள். மில்லிகிராம் காட்டும் நகைப்பட்டறைத் தராசில் 100 குண்டை நிறுத்து நூறால் வகுங்கள். 20 கிராம் வர வேண்டியது 19.2 வந்தால், அந்தக் குண்டு 0.192. எடையில் 4 சதவீதம் பிசகினால் ஜூலிலும் 4 சதவீதம்தான். ஆனால் வேகத்தில் 4 சதவீதம் பிசகினால் ஜூலில் 8. அதனால் வேகத்தை அளக்கும் குரோனோ கருவி நல்லதாக இருக்கட்டும், துப்பாக்கி அதன் துளைக்கு நேராக, கோணல் இல்லாமல் இருக்கட்டும். குண்டின் விட்டத்தையும் பாருங்கள். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் மைக்ரோமீட்டர் இருக்கும். நல்ல குண்டு 5.95 மி.மீ., நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இப்படி அப்படி. ஒரு குண்டைத் திருப்பித் திருப்பி மூன்று பக்கம் அளந்து 5.90, 6.01 என்று வந்தாலோ, நடுவில் அச்சுக் கோடு நகத்தில் தட்டினாலோ அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கள். சில குழல்களின் உள்விட்டம் 6.03 மி.மீ.தான், அதில் 6.01 குண்டு சிக்கும், உடையும், குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ஹாப் ரப்பரைக் கிழிக்கும். மக்கும் குண்டு என்று விற்பவை ஈரம் குடித்து உப்பும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவ மழையில் பையைத் திறந்து வைத்தால் அடுத்த வாரம் அது வேறு அளவு. திறந்த பையை மூடியிட்ட டப்பாவில் போட்டு வையுங்கள்.

நேரம் என்றது வெயிலை. கேஸ் துப்பாக்கிக்கு அடைக்கும் கிரீன் கேஸ் என்பது சிலிகான் எண்ணெய் கலந்த புரொப்பேன்தான். அதன் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 8 பார், 40 டிகிரியில் 13 பாருக்கு மேல். காலை ஏழு மணிக்குக் குளிரில் 0.95 ஜூல் காட்டி, வரம்புக்குள் இருக்கிறது என்ற ஸ்டிக்கர் வாங்கிய துப்பாக்கி, சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்கு 1.2-ஐத் தாண்டி நிற்கும். யாரும் எதையும் திருகியிருக்க மாட்டார்கள். கேஸ் துப்பாக்கிக்குக் காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று என்று இரண்டு முறை அளவு வையுங்கள். கேஸ் அடைத்த மேகசின் கைச்சூட்டில் இருக்கும்போது, மெதுவாக ஒவ்வொன்றாகச் சுட்டு அளக்க வேண்டும். தொடர்ந்து பொரிந்தால் கேஸ் ஆவியாகிற வேகத்தில் மேகசின் குளிர்ந்து எண் தானாகக் கீழே இறங்கும், அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரப்பிய மேகசினைக் கார் டாஷ்போர்டில் வெயிலில் வைக்க விடாதீர்கள். பேட்டரித் துப்பாக்கிக்கு இந்த வெயில் வம்பு அனேகமாக இல்லை. புதிதாக வாங்கிக் களத்தில் வாடகைக்கு விடுவதானால் அத்தனையும் பேட்டரியாகவே வாங்குங்கள் என்பேன்.

அளவு எடுக்கும் முறை: களத்துக் குண்டு, ஆடும்போது வைக்கும் அதே ஹாப் நிலை, பத்துச் சுடு. சராசரி வேண்டாம், பத்தில் எது அதிகமோ அதுதான் அந்தத் துப்பாக்கியின் எண். கண்ணில் படுவது சராசரிக் குண்டு அல்ல. பத்துக்குள் ஏற்ற இறக்கம் 10 எஃப்.பி.எஸ்.-க்கு மேல் போனால், குண்டைக் குழலுக்குள் தள்ளும் நாசிலிலோ ஹாப் ரப்பரிலோ காற்று கசியலாம். கசிகிற துப்பாக்கி 0.9 காட்டுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அவர் வீட்டுக்குப் போய் ரப்பரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் 1.1-ஓடு வருவார். அதனால் போன வாரத்து ஸ்டிக்கர் இந்த வாரம் செல்லாது. கேஸ் துப்பாக்கிகள் சிலவற்றில் உள்ளே ஒரு திருகு வழியாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். அளந்த பிறகு அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஆட்டம் முடிந்ததும் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பேட்டரித் துப்பாக்கி 0.20-ல் 390, 400 காட்டினால் அதில் இருப்பது எம்120 ஸ்பிரிங்காக இருக்கும். அந்த எண் 0.20 குண்டு ஏறத்தாழ நொடிக்கு எத்தனை மீட்டர் போகும் என்பதைக் குறிக்கிறது. எம்100 போட்டால் 1 ஜூலை ஒட்டி நிற்கும், எம்90 போட்டால் 0.8. வரம்பு 1.0 என்றால் எம்100 விளிம்பில் தடுமாறும். வாடகைத் துப்பாக்கிக்கு எம்90 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். மாற்றும்போது மேகசினைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய குண்டைப் பாதுகாப்பான பக்கம் சுட்டுத் தீர்த்து, பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். கியர் பாதிச் சுற்றில் நின்றிருந்தால் ஸ்பிரிங் உள்ளே சுருங்கியே இருக்கும்; பின்னோட்டத்தைத் தடுக்கும் கொக்கியை விடுவித்து அதைத் தளர்த்திய பிறகுதான் திறக்க வேண்டும். தளர்த்தாமல் திறந்தால் ஸ்பிரிங்கும் அதன் தண்டும் நேராக முகத்துக்கு வரும். பின்பக்கத்திலேயே ஸ்பிரிங் எடுக்கும் வசதி உள்ள கியர்பாக்ஸ் என்றால் பின்கட்டையைக் கழற்றி, நீள ஆலன் கீயால் அழுத்திக் கால் சுற்று திருப்பினால் வந்துவிடும். அப்போதும் முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற ஸ்பிரிங்கையே இரண்டு சுற்று வெட்டிக் குறைக்கலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். வெட்டிய முனை தட்டையாக உட்காராது, பிஸ்டனைச் சாய்த்துத் தள்ளும், பல் தேயும். புது ஸ்பிரிங் வாங்குவதுதான் மலிவு.

இவ்வளவு ஜூல் பேசியும் கண்ணுக்கு ஒரு பாதுகாப்பான ஜூல் சொல்ல முடியாது. 6 மி.மீ. குண்டு கண்குழிக்குள் முழுசாக நுழைகிற அளவு. மூக்கெலும்பும் புருவ எலும்பும் கிரிக்கெட் பந்தை விழியில் படாமல் தடுக்கும், இதைத் தடுக்காது. விழிக்கு முன்னறையில் ரத்தம் தேங்குவது, லென்ஸ் புரை, விழித்திரை வீக்கம், வருஷங்கள் கழித்து வரும் கண் அழுத்த நோய் எல்லாம் இந்தக் குண்டால் வரக்கூடியவைதான். பொம்மைத் தர விதிகளில் கெட்டி முனைக் குண்டுக்கு வெகுகாலம் இருந்த எல்லை 0.08 ஜூல். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 30 மீட்டர் தள்ளிப் போன 0.20 குண்டில்கூட 0.11 இருக்கிறது. ஆகவே ஜூல் வரம்பு தோலுக்கும் பல்லுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி ஒன்றுதான் வரம்பு.

எந்தக் கண்ணாடி? கணபதி, பீளமேட்டுப் பட்டறைகளில் கிரைண்டிங்குக்குப் போடும் நாற்பது ரூபாய்க் கண்ணாடி ஆகாது. பொறி பக்கவாட்டில் வராமல் தடுக்கத்தான் அது. அமெரிக்க ஆன்சி இசட்87.1 தரத்தில் "பிளஸ்" முத்திரை உள்ள சாதாரணக் கண்ணாடியைக் கால் அங்குல இரும்புக் குண்டை நொடிக்கு 150 அடி வேகத்தில் விட்டுச் சோதிக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது 1.1 ஜூல்தான், உங்கள் வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தில் எஃப் முத்திரை என்றால் 6 மி.மீ. இரும்புக் குண்டு 45 மீட்டர் வேகம், 0.9 ஜூலுக்குள். பி முத்திரை என்றால் 120 மீட்டர் வேகம், 6 ஜூலுக்கு மேல். கண்ணாடிச் சட்டத்தில் (ஃபிரேமில்) பி இருக்கும், லென்ஸில் எஃப் இருக்கும் கண்ணாடிகளும் கடையில் உண்டு, அதனால் இரண்டு இடத்திலும் எழுத்தைப் பாருங்கள். முகத்தோடு சுற்றி ஒட்டும், பின்னால் பட்டை உள்ள, பி முத்திரை காகிள்ஸ் வாங்குங்கள். ஒரே மாதிரியில் இருபது வாங்கினால் இருபத்தொன்றாக வாங்கி, கூடுதலான ஒன்றைத் தேங்காய் மட்டையில் கட்டி, களத்திலேயே பலமான துப்பாக்கியால் ஒரு மீட்டரிலிருந்து பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். விரிசல் விழுந்தாலோ லென்ஸ் சட்டத்தை விட்டு நழுவினாலோ அந்த இருபதும் வேண்டாம். சோதித்ததை உடைத்துப் போட்டுவிடுங்கள், மறந்துபோய் யாராவது போட்டுக்கொள்ளக் கூடாது.

கம்பிவலைக் கண்ணாடியில் பனி படியாது, அதனால் ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கும். தென்னை மரத்தண்டில் பட்டு மலிவுக் குண்டு பொடியாகும்போது தூள் அந்த வலை வழியாகவே கண்ணுக்கு வரும். அனுமதிக்காதீர்கள். பனிக்கு இரட்டைத் தகடு லென்ஸ் வாங்கலாம். லென்ஸைத் துடைக்கத் தண்ணீரும் சோப்பும் போதும்; பெட்ரோல், தின்னர் பட்ட பாலிகார்பனேட் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விட்டு, அடுத்த அடியில் பிளக்கும். வாய்க்கும் ஒரு முகமூடி அவசியம்; முன்பல் போனால் திரும்ப முளைப்பதில்லை.

அப்படியும் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால்: தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது, தாய்ப்பாலோ வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தோ விடக் கூடாது. காகித டம்ளரின் அடிப்பகுதியை வெட்டி, விழியில் படாமல் கண்குழி எலும்பின் மேல் உட்காரும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். உட்கார வைத்தே, தலை நிமிர்ந்தபடி, நேராகக் கண் மருத்துவமனைக்கு. ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். அரை மணியில் வலி அடங்கிவிட்டது என்று திரும்பி ஆடப் போக விடாதீர்கள்; உள்ளே கசிந்த ரத்தம் முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி கசியலாம்.

தோப்பைப் பற்றி. கிளுவை வேலி ஆட்டைத் தடுக்கும், குண்டைத் தடுக்காது. கண்ணி 5 மி.மீ.க்குக் குறைவான நிழல்வலையை மூன்று மீட்டர் உயரத்துக்கு, இரண்டு அடுக்காக, நடுவில் ஒரு அடி இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். இழுத்துக் கட்டாதீர்கள். தளர்ந்த வலை குண்டை வாங்கிக் கீழே போட்டுவிடும். விறைத்த வலை திருப்பி அடிக்கும், சீக்கிரம் கிழியும். வெயிலில் வலை மக்குவதால் வருஷா வருஷம் விரலால் குத்திப் பாருங்கள், பொத்தலானால் மாற்ற வேண்டியதுதான். ஹாப்பை ஏற்றிக்கொண்டு மேல்நோக்கிச் சுட்டால் குண்டு 70 மீட்டர் தாண்டியும் விழும் என்பதால் வலை மட்டும் போதாது. நான்கு பக்கமும் 15 மீட்டர் காலி விட்டு, நடுவில் 60-க்கு 60 மீட்டரை மட்டும் களமாக வையுங்கள். பாதை உள்ள பக்கம், பக்கத்துத் தோட்டத்தில் ஆள் குடியிருக்கும் பக்கம் பார்த்து யாரும் சுடாதபடி அணிகளை நிறுத்துங்கள். தென்னந்தண்டு கெட்டியானது, கிட்டத்தில் சுட்ட குண்டு அதில் பட்டுத் திரும்பி வரும். காலி விட்ட இடத்தில் நின்று ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷலுக்கும், வேடிக்கை பார்க்க வந்த ஒறம்பரைக்கும், டீ கொண்டுவரும் ஆளுக்கும் கண்ணாடி உண்டு.

உங்கள் தோப்பில் ஜூல் அதிகம் இருப்பது துப்பாக்கியில் இல்லை, மரத்து மேலே. ஒன்றரைக் கிலோத் தேங்காய் 15 மீட்டரிலிருந்து விழுந்தால் 220 ஜூல். காய் வெட்டு முடிந்த கையோடு ஆட்டத்தை வையுங்கள்; வெட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் களம் பூட்டியிருக்கட்டும். காய்ந்த மட்டை தொங்கும் மரங்களைச் சுத்தம் செய்யுங்கள். மயில் வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, "பிளாஸ்டிக் குண்டுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. நாட்டுக்கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், தானியம் என்று வெள்ளைக் குண்டைப் பொறுக்கித் தின்னும்.

காகித வேலையை இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் காற்றுத் துப்பாக்கிகளைப் பற்றி 20 ஜூல், 4.5 மி.மீ. குழல் என்ற இரண்டு அளவுகள் வருகின்றன. உங்கள் துப்பாக்கி ஜூலில் வெகு கீழே, குழலில் மேலே. "ஒரு ஜூல்தானே" என்று முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். மாடல், குழல் விட்டம், குண்டு எடை, அளந்த ஜூல் ஆகியவற்றை எழுதி, இன்ன இடத்தில் இன்ன தொழிலுக்கு என்று மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆயுத உரிமப் பிரிவில் மனுவாகக் கொடுத்து, எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். நகலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து வையுங்கள். அந்தப் பதில் கையில் வரும்வரை மேற்கொண்டு ஒரு துப்பாக்கியும் வாங்க வேண்டாம், இருக்கிற இரண்டையும் வெளியே எடுக்க வேண்டாம். களம் திறந்த பிறகும் வருகிறவர்கள் துப்பாக்கியை மூடிய பையில்தான் கொண்டுவர வேண்டும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால், அது பிளாஸ்டிக் என்று தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்?

அக்கா பையன் விஷயம். ஜப்பானில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று தயாரிப்பாளர் சங்கம் வைத்திருக்கும் எல்லை 0.135 ஜூல். நீங்கள் வைக்கப்போவது அதைப்போல் ஏழு மடங்கு. பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பெரியவர்களுக்கான காகிள்ஸ் கன்னத்தோடு ஒட்டாது, மூக்கோரம் விரல் நுழையும் அளவு இடைவெளி நிற்கும். களத்துக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தராசில் குண்டை நிறுத்து, குரோனோ எண்ணைப் பார்த்து, ஜூல் கணக்குப் போட்டு நோட்டில் எழுதும் வேலையை அவனிடம் கொடுக்கலாம். அந்த மேசையையும் சுடும் வாய்க்குப் பின்பக்கமாகப் போட்டு, அவன் முகத்துக்கு ஒட்டுகிற அளவில் தனியாக ஒரு காகிள்ஸ் வாங்கிக் கொடுங்கள்.